ஓடும் பிள்ளையின் பசி

திடலில் வெற்றியீட்டிய மாணவர்க்குக் கிண்ணமும் கேடயமும் வழங்குதற்குப் பழைய மாணவராகிய நாம் ஒருபோதும் பின்னின்றதில்லை. அக்கிண்ணத்தை ஏந்திய பிள்ளை முதல்நாள் இரவு வயிறார உண்டானா என்று வினவியதுமில்லை.

நாம் விடுதியில் வாழ்ந்த காலத்தில் மரதன் ஓட்டத்துக்குப் பயில்வோர் மாலை ஆறரை மணிக்குத் திடலினின்று மீள்வர். ஏழு மணிக்கு உணவு மணி ஒலிக்கும். அவ்வேளை சோற்றைக் கண்டாலே வெறுப்பு. அரைவயிறு உண்டு எழுவோம். பத்து மணிக்குப் படிப்பறையிற் பசி குடலைப் பிடுங்கும்; அடுக்களைக் கதவோ பூட்டிக் கிடக்கும். கிணற்று நீரைக் குடித்து உறங்கச் சென்ற இரவுகள் பல. பகலிற் பசியென்று மறுசோறு கேட்டால், பெருந்தீனிக்காரர் என்ற பட்டமும் கிடைத்தது.

இது நாவடக்கமின்மை அன்று, உடலின் கணக்கு. ஒரு கிலோ நிறையை ஒரு கிலோமீற்றர் தூரம் ஓடிச் சுமக்க ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 50 கிலோ நிறையுள்ள மாணவன் 15 கிலோமீற்றர் ஓடின் 750 கலோரி. அதனைச் சோற்றால் மட்டும் ஈடுசெய்வதாயின், நாளாந்த உணவுக்கு மேலாக ஏறக்குறைய 600 கிராம் சோறு வேண்டும். வளரும் பிள்ளைக்கு வளர்ச்சிக்கென்றும் ஒரு பங்கு வேண்டுமன்றோ?

கடும் ஓட்டத்தின் பின் பசி சிறிது நேரம் மறைந்து நிற்றல் இயல்பு. பின்னர் அது வட்டியோடு வரும். ஆயினும் தசைகள் தம் சேமிப்பாகிய கிளைக்கோசனை விரைந்து நிரப்பிக்கொள்வது ஓட்டம் முடிந்த முதற் சில மணி நேரத்திலேயே. அச்சேமிப்பே நெடுநேர உழைப்பைத் தாங்குவதென்றும், மாப்பொருள் மிக்க உணவு அதனைப் பெருக்குமென்றும் 1967 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் காட்டினர். உழைப்புக்குப் போதிய உணவின்றிப் பயில்வோர்க்கு எலும்பும் வளர்ச்சியும் நலியுமென 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவும் எச்சரித்தது. எமது விடுதிக் கதவு இன்றும் இரவு எட்டு மணிக்கே பூட்டப்படுகின்றது.

எமது சைவ உணவு ஓட்டக்காரனுக்குப் போதாதென்பார் கூற்றை நாம் ஏற்கோம். சோறும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன. முருங்கையிலை வறையில் இரும்புச்சத்து உண்டு. தேசிப்புளி அதனை உடல் ஏற்கத் துணைசெய்யும். உணவோடு தேநீர் அருந்தும் வழக்கமே அதனைத் தடுப்பது. (இதனை எழுதும்போதும் எமதருகே ஒரு கோப்பை தேநீர் இருக்கின்றது, ஆயின் நாம் மரதன் ஓடுவதை விட்டு நெடுங்காலமாயிற்று.)

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. மாலை ஆறரை மணிக்குத் திடலோரத்தில் ஒரு கிடாரம் உப்பிட்ட பயற்றங்கஞ்சியும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும். சோறு வெறுத்த வாயும் கஞ்சியை மறுப்பதில்லை. இரவு பத்து மணிக்குப் பயிற்சியிலுள்ளோர்க்கு மட்டும் மூடிவைத்த புட்டும் சம்பலும். இதனால் விடுதி ஒழுங்கு குலையுமென அஞ்சுவாருளர். பசித்த பிள்ளை மதிலேறிக் கடைக்குச் செல்வதினும் இது குலைவோ?

யூபிலி நிதிக்குப் பொருள் அனுப்பும் அன்பர்கள் அதன் மூலையிற் “கஞ்சிக்கு” என்று ஒரு சொல் குறித்தனுப்புவாராயின், விடுதிப் பொறுப்பாசிரியரைக் கண்டு பேசும் பொறுப்பை நாம் ஏற்போம்.