இன்றைக்கு விடேலாது

உல்லாசக் கப்பலில் போய்வந்தவர்களிடம் கதை கேட்டால் சாப்பாட்டைச் சொல்வார்கள், நீச்சல் தடாகத்தைச் சொல்வார்கள், இரவு ஆட்டம் பாட்டத்தைச் சொல்வார்கள். கப்டனைப் பற்றிக் கேட்டால், ஒரு நாள் விருந்துக்கு வெள்ளைச் சீருடையோடு வந்து எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு பயணி வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, பத்திரமாக வீடு வந்து சேர்கிறார் என்றால் அதில் பெரும்பங்கு அந்த மனிதருடையது. திருகோணமலைக்காரர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டிய காலம் இது.

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற கோர்டேலியா நிறுவனக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. இந்திய மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் அதன் பயணப் பாதையில் இருந்தன. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, கைமாறிப் பெயர்மாறி வந்த கப்பல் அது. நீளம் 211 மீற்றர். எங்கள் சாம்பல்தீவில் ஒரு ஒழுங்கை முழுவதையும் அதற்குள் குடியேற்றிவிடலாம்.

வடக்கிலிருந்து வரும் கப்பல் எங்கள் கரைக்கு வெளியே ஆழக்கடலில் இறங்கி, கோணமலையைச் சுற்றிக் கொட்டியாரக் குடாவுக்குள் திரும்ப வேண்டும். துறைமுகத்தின் வாய் 500 மீற்றர் அகலம். உள்ளே போவதற்கு முன், வழிகாட்டும் துறைமுகப் பைலட் சின்னப் படகில் வருவார். கப்பலின் பக்கத்தில் கயிற்றேணி தொங்கும். அவர் ஏணியைப் பிடிக்கும் நேரத்தில், கப்பலைச் சற்றுத் திருப்பி, காற்றும் அலையும் அந்தப் பக்கம் அடிக்காமல் மறைத்துக் கொடுப்பார்கள். படகு தணியும், பைலட் ஏறுவார். மேலே தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பயணிக்கு இது எதுவும் தெரியாது. பைலட் ஏறிவிட்டார் என்பதற்காகக் கப்டனின் பொறுப்பு குறைந்துவிடுவதும் இல்லை. பைலட் வழி சொல்லலாம், கப்பல் தட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் கப்டன்தான்.

உணவு, அறை, கேளிக்கை ஆகியவற்றைப் பார்க்கத் தனி அதிகாரி இருக்கிறார். கப்டன் கொடுக்கும் வசதி வேறு வகை. அலை பக்கவாட்டில் அடித்தால் திசையைக் கொஞ்சம் மாற்றுவார், வேகத்தைக் குறைப்பார், வயிற்றைப் புரட்டாத பாதையாகப் பார்த்துப் போவார். உல்லாசக் கப்பலில் சில வருடம் வேலை செய்த எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் சொன்னான்: “மத்தியானம் ஒலிபெருக்கியில கப்டன் கதைப்பார் அண்ணை. எங்க நிக்கிறம், காத்து எப்பிடி, நாளைக்குக் கடல் எப்பிடி எண்டு சொல்லுவார். அந்த நேரம் சமையலறையில கூடச் சத்தம் அடங்கும்.” முகம் தெரியாதவரின் குரலுக்கு அத்தனை பேரும் காது கொடுக்கிறார்கள். அந்தக் குரல் உண்மை பேசும் என்று நம்புகிறபடியால்தான் கொடுக்கிறார்கள்.

உண்மை பேசாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2012 ஜனவரி 13 இரவு உலகம் கண்டது. ‘கொஸ்டா கொன்கோர்டியா’ என்ற இத்தாலியக் கப்பலில் 4,200க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஜிலியோ தீவுக்கு மரியாதை காட்டுவதற்காகக் கப்டன் ஸ்கெட்டினோ கப்பலைக் கரைக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோனார். பாறை அடிப்பாகத்தைக் கிழித்தது. பயணிகளுக்கு மின்சாரக் கோளாறு என்றுதான் அறிவித்தார்கள். கப்பலைக் கைவிடும் கட்டளை வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. 32 உயிர்கள் போயின. பயணிகள் இறங்கி முடிவதற்குள் கப்டன் இறங்கிவிட்டார். நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது 16 வருடச் சிறை. அன்று புதிதாக ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, ஏனென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. இப்போது புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பயிற்சியைச் சலிப்போடு பார்க்கிறவர்கள் இந்த 32 பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு வருடம் கழித்து இன்னொரு இத்தாலியக் கப்டன் வந்தார். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யொகொஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் ஏறத்தாழ 3,700 பேர். 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. யன்னல் கூட இல்லாத அறைகளில் வாரக்கணக்காக அடைபட்டிருந்தவர்களுக்கு ஜெனாரோ அர்மா ஒலிபெருக்கியில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். மார்ச் 1ஆம் திகதி, எல்லோரும் இறங்கிய பிறகு, கடைசி ஆளாக அவர் இறங்கி வந்தார். கப்டனின் சேவை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் அந்த மனிதரைத்தான் காட்டுவேன்.

குரலுக்கு அடுத்தது மறுப்பு. கடல் சரியில்லை என்றால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகும் முடிவைக் கப்டன் எடுக்கலாம். பணம் கட்டிய பயணிகள் கோபப்படுவார்கள். கம்பனிக்கும் நட்டம். ஆனாலும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை என்று கப்டன் தன் தொழிலறிவைக் கொண்டு எடுக்கும் முடிவை, கப்பல் உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ வேறெவரோ தடுக்கக் கூடாது என்று சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை எழுதிவைத்திருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் முதன்முதலாக உருவான உடன்படிக்கை அது. முதலாளி நெருக்கினாலும் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குச் சட்டமே கொடுத்திருக்கும் வேலைகள் உலகத்தில் அதிகம் இல்லை.

எங்கள் துறைமுகம் உல்லாசப் பயணிகளைவிட அந்தரித்த பயணிகளைத்தான் கூடக் கண்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டுவீச்சில் ‘சகாயிங்’ என்ற பயணிகள் கப்பல் இங்கேதான் எரிந்தது. அதன் உடலைக் கடற்படைச் சுழியோடிகள் 2018இல் மிதக்கவைத்தார்கள். 2006இல் போரால் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துச் சனம் பெட்டி படுக்கையோடு கப்பலில் வந்து இறங்கியதும் இங்கேதான். 2009 பெப்ரவரியில் செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தது. அந்தக் கப்பல்களை ஓட்டியவர்களின் பெயர்களை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை.

பெரிய கப்பலுக்கு இத்தனை விதியும் பயிற்சியும் இருக்கிறது. சின்னப் படகுக்கு? 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், சனத்தை ஏற்றிக்கொண்டு போன படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஆழ்கடலும் இல்லை, புயலும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் கடற்படை படகுச் சேவை நடத்தியது. அந்தக் காலையில், “இதுக்கு மேல ஆக்களை ஏத்தேலாது, இறங்குங்கோ” என்று சொல்லும் அதிகாரமும், சொன்னால் எல்லோரும் கேட்கும் மதிப்பும் உள்ள ஒருவர் அந்தப் பாதையில் நின்றிருக்க வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்க ஒரு பிள்ளையின் உயிர் விலையாகிறது என்றால் அது எங்கள் எல்லோருக்கும் வெட்கம்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகோட்டிகளும் என் கண்ணுக்குக் கப்டன்கள்தான். ஒரு கிலோமீற்றர் அளவு தூரம், பத்துப் பேர் கொள்ளும் படகு, ஆனால் பொறுப்பு அதே பொறுப்பு. வாடைக்காற்று தொடங்கும் நாட்களில் கரையில் நடக்கும் பேச்சு இது:

“அண்ணை, கொழும்பில இருந்து விடிய வெளிக்கிட்டு வந்தனாங்கள். பிள்ளையளுக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு வருவமே?”

“இண்டைக்கு விடேலாது தங்கச்சி. கடல் சரியில்லை. நாளைக்குப் பாப்பம்.”

அந்தப் பெண்ணின் முகம் வாடுகிறது. கணவர் கூடக் காசு தாறன் என்கிறார். படகோட்டி தலையை ஆட்டிவிட்டு இயந்திரத்தைக் கழற்றிக் கரைக்கு எடுக்கிறார். அன்றைய வருமானத்தை அவர் கைவிட்டுவிட்டார். உல்லாசக் கப்பல் கப்டனுக்கு அந்த நாளும் சம்பளம் உண்டு. இவருக்கு இல்லை. இவருக்குப் பின்னால் சர்வதேச உடன்படிக்கை எதுவும் நிற்கவில்லை. இரண்டு படகு தள்ளி நிற்கும் ஒருவர் “நான் கொண்டுபோறன், வாங்கோ” என்று கூப்பிட்டால் இவருடைய மறுப்பே வீணாகிவிடும்.

ஆகவே மாவட்ட அதிகாரிகளிடம் என் கோரிக்கை: கடல் பொல்லாத நாளில் ஒரு படகையும் விடாத ஒழுங்கு எல்லாப் படகுக்கும் ஒன்றாக இருக்கட்டும். மறித்த நாட்களுக்குப் படகோட்டிக்கு ஒரு சிறு கொடுப்பனவு கிடைக்கட்டும். வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். படகில் ஏறியவுடன், யாரும் சொல்வதற்கு முன், உயிர்காப்பு அங்கியை முதலில் பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள். படகோட்டி “இன்றைக்கு விடேலாது” என்று சொன்னால் அடுத்த படகைத் தேடிப் போகாதீர்கள்.