கிழட்டு வண்டிக்கு எதுக்குப் புது ரேடியேட்டர்?

"வண்டிய வித்தாலே பெருசா ஒண்ணும் தேறாது, அதுக்கு எதுக்குடா புது ரேடியேட்டர்?"

போன மே மாதம் அப்பா கேட்ட கேள்வி இது. மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று பெயர்தான், அன்றைக்கு வாயே திறக்க முடியவில்லை. இப்போது பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்களுடையது 2006 மாடல் மாருதி 800. இதுவரை 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அந்த மாடல் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது. அப்பா கரூரில் பெட்ஷீட், துண்டு எடுத்து, பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறார். வண்டி நின்றால் வியாபாரம் நிற்கும். வியாபாரம் நின்றால் என் செமஸ்டர் ஃபீஸ் நிற்கும்.

அரவக்குறிச்சி தாண்டி ஒரு மதியம் டெம்பரேச்சர் முள் மேலே ஏற, பானெட்டுக்குள் இருந்து ஆவி. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கில் மயிரிழை விரிசல். அவ்வளவுதான், ஆலோசனைகள் கொட்ட ஆரம்பித்தன.

முதல் ஆலோசனை, மஞ்சள் தூள் போடுவது. நிஜமாகவே சின்ன ஓட்டை அடைபடும். ஆனால் எது ஓட்டை, எது தண்ணீர் போக வேண்டிய குழாய் என்று மஞ்சளுக்குத் தெரியாதே! நடுவழியில் வீடு வந்து சேர ஒரு தடவை போடலாம். அதையே வைத்தியமாக நம்பக் கூடாது.

இரண்டாவது, காயலான் கடையில் பழையது வாங்குவது. மலிவுதான். ஆனால் அதுவும் இதே வயசு பிளாஸ்டிக். இதே போல வருஷக்கணக்கில் சூடாகி ஆறியது. உள்ளே எவ்வளவு உப்புப் படிந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது. நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

மூன்றாவது, "செம்புல கட்டிடுங்க, தலைமுறைக்கும் நிக்கும்." இதில் பாதி உண்மை. அலுமினியத்தைவிடச் செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் எடை அதிகம். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல 3 மடங்குக்கும் மேல். குழாயையும் தகட்டையும் ஒட்டும் ஈயப்பற்று, செம்பு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது. அலுமினியக் குழாயை அகலமாகச் செய்ய முடியும் என்பதால், முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல கைவேலைக்காரர் பக்கத்தில் இருந்தால் செம்பு தப்பில்லை. எங்களுக்கு இல்லை.

கடைசியில், அதே அளவில் அலுமினிய கோர் வைத்த புது ரேடியேட்டர்தான் வாங்கினோம். இருப்பதிலேயே மலிவானதை எடுக்கவில்லை. கடையில் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மலிவானதில் தகடுகள் இடைவெளி விட்டு இருந்தன, கோரின் கனமும் குறைவு. காற்றுபடும் பரப்பு குறைந்தால் வெப்பம் எப்படி வெளியேறும்?

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ரேடியேட்டர் விலையை வண்டி விலையோடு ஒப்பிடுவதே தப்புக் கணக்கு. இன்ஜின் ஹெட் வேலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாக ஹீட் ஆனால் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். அந்தச் செலவோடு வண்டி ஷெட்டில் கிடக்கும் நாட்களையும் சேர்த்தால் புது ரேடியேட்டர் ஒன்றுமே இல்லை.

ஆனால் வாங்குவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தாலோ, கேஸ்கெட் ஏற்கெனவே போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ரேடியேட்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

இன்னொன்று, ரேடியேட்டரை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். மூடி வெறும் மூடி அல்ல. சுமார் 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி வரை தாங்குகிறது. ஒழுகிக்கொண்டிருந்த வண்டியில் முழு அழுத்தம் திரும்பி வரும்போது பழைய ஹோஸ்கள் வெடிக்கலாம். எனவே மூடி, ஹோஸ், கூலன்ட் மூன்றும் புதிதாகவே போட்டோம். "தெர்மோஸ்டாட் எதுக்குத் தம்பி, கழட்டி விட்டுடலாம்" என்றார் மெக்கானிக் அண்ணன். வேண்டாம் என்று கெஞ்சிப் புதிது போடவைத்தேன். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும்; பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

இன்றுவரை முள் நடுவில்தான் நிற்கிறது. அப்பா பாராட்டவெல்லாம் இல்லை. ஆனால் டிக்கியில் எப்போதும் இருக்கும் 2 தண்ணீர் கேன்களை எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். அந்த இடத்தில் இன்னும் 4 பெட்ஷீட் கட்டு ஏறுகிறது. எனக்கு அது போதும்.