நிலத்தை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. திருத்தணி வட்டாரத்தில் அது சொர்ணவாரி நெல்லுக்குக் கைமுதலைப் போட்டுவிட்ட நேரம். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க நகையையோ, காணி நிலத்தையோ அடகு வைக்கச் சிறு விவசாயி எண்ணுவது அப்போதுதான். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

1888-ல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் எளிய குடும்பத்துப் பிள்ளை. வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் உதவித்தொகை பெற்றே படித்தார். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த நூல்களால்தான் தத்துவப் பாடத்தை எடுத்தார். அவர் குடியரசுத் தலைவரானதற்கு அந்த உதவியும் ஒரு காரணம்.

இன்று திருத்தணியிலேயே சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி உள்ளது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. தேர்வுக் கட்டணம் போன்ற சிறு செலவுகளே உண்டு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பேருந்தில் வந்து படிக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. மூன்றாண்டுக்கு இது 36,000 ரூபாய் ஆகும்.

வேளாண்மை, பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021-ல் வந்தது. இதில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

எல்லையோர விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சலுகைகள் தமிழகப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியவை. பக்கத்தில் இருக்கிறதே என்று பிள்ளையை நகரிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பவர், ஏழாண்டு கழித்துக் கிடைக்கக்கூடிய உதவியை அன்றே இழந்துவிடுகிறார்.

உதவியில் குறையும் உண்டு. கட்டணம் கட்ட வேண்டிய நாள் முதலில் வருகிறது. உதவித்தொகை பல நேரங்களில் பிறகுதான் வருகிறது. கதிர் முற்றிய பிறகு இடும் மேலுரத்தால் பயன் என்ன? இடைப்பட்ட மாதங்களில் ஏழை விவசாயி கந்து வட்டிக்காரரிடம் போகிறார். உதவித்தொகை பருவத் தொடக்கத்திலேயே கைக்கு வர அரசு வழி செய்ய வேண்டும். அதுவரை, உதவி பெறத் தகுதியுள்ள மாணவரிடம் முன்பணம் கேட்டு நெருக்காமல் இருப்பது கல்லூரிகளின் கடமை.

விவசாயியின் பங்கும் உண்டு. விதைநேர்த்தி விதைப்புக்கு முன்பே முடிவது போல, சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளைத் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைக்க வேண்டும். பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதாரை இணைக்க வேண்டும். விதிகள் மாறக்கூடும் என்பதால் அவ்வாண்டு விவரத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவுக்கும் மேல் பணம் தேவைப்பட்டால் வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்; பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும்.