வழுக்கையாறு எவ்வளவு அகலம்?

பழைய மாணவர் மலருக்கு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தம் ஆசிரியர்களின் பிரம்பையும் பேரன்பையும் நினைவுகூர்வர். நான் ஓர் ஆற்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். "சண்டிலிப்பாயில் ஆறா?" என்று வெளியூரார் நகைத்தல் கூடும். இக்காலத்து மாணவர் சிலரும் நகைப்பர் என்பதே என் கவலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்னும் பெயர் பெற்று ஓடுவது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்து மழைநீரைத் திரட்டிக்கொண்டு, அளவெட்டி, கந்தரோடை வழியாக நம்மூர் வயல்களை அடைந்து, பின் தெற்கு நோக்கிச் சென்று அராலியிலே கடனீரேரியிற் கலப்பது அது. மாரியில் ஆறு, கோடையில் மாடு மேயும் தரவை. 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் அவர்கள் ஆராய்ந்து பழங்காசுகளும் தூபிகளும் கண்ட கந்தரோடை இதன் கரையிலேயே உளது. அக்காலத்தில் இவ்வாற்றில் தோணிகள் ஏறின என்று கருதுவாரும் உளர்.

எம் காலத்தில் தோணி இல்லை. வாழைக்குற்றித் தெப்பம் இருந்தது. கார்த்திகை அடைமழையில் வயலும் ஆறும் ஒன்றாகிவிடும். வரம்பு வெட்டுவோர், கரப்புக் கொண்டு விரால் பிடிப்போர், கன்றைத் தேடி அலைவோர் என ஊர் முழுவதும் அங்கேதான் நிற்கும். சிறுவராகிய எமக்குப் பள்ளிக்கூடம் போகும் வழி திடீரென்று நீளும். சில நாட்களில் வழியே இல்லாமற் போகும். அந்நாட்கள் எத்துணை இனியவை என்பதை ஆசிரியப் பெருமக்கள் மன்னித்தருள்க!

கோடை விடுமுறையில் சைக்கிளேறி வடக்கே மாதகலுக்குச் செல்வோம். அங்கே கடல் எப்போதும் இருந்தது. ஆறோ எங்களைத் தேடி வந்தது. ஆதலால் ஆற்றின்மீதே எமக்குப் பற்று மிகுதி. ஒருமுறை அதன் முடிவைக் காண அராலிவரை நடந்தோம். மணலும் சேறும் கலந்த வெளியிலே உப்புப் பூத்துக் கிடந்தது. அங்கு நின்ற முதிய கமக்காரர் ஒருவர், "தம்பிமாரே, மேலேயிருந்து நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் கீழேயிருந்து உப்பு ஏறும்" என்றார். பின்னாளில் நான் கற்ற நிலநூல் அதனையே நீட்டி உரைத்தது. நம் நிலத்தின் அடியில் உள்ளது துளைகள் மலிந்த சுண்ணக்கல். மழைநீர் மெல்லத் தங்கி அதனுள் இறங்கினாலன்றிக் கிணற்றில் நன்னீர் நில்லாது. உவர்நீரை அராலித் தடுப்பணை ஓரளவு தடுக்கலாம். கிணற்றை நிரப்புதல் அதன் வேலையன்று.

இன்று ஆற்றை "வெள்ள வாய்க்கால்" என்று அழைக்கக் கேட்கின்றேன். வாய்க்காலுக்கு இரு கரையும் சில அடி அகலமும் போதும். ஆறென்றால் அதற்கு ஒரு படுக்கை வேண்டும். ஒன்பது மாதம் உலர்ந்து கிடப்பதால் அப்படுக்கை வெற்றுக்காணி போலத் தோன்றுகின்றது. மண் கொட்டுகின்றனர், மதில் எழுகின்றது, குப்பையும் சேர்கின்றது. அங்கே குடியேறுவோரை வைய எனக்கு மனம் வரவில்லை. 1995இல் ஊரோடு பெயர்ந்து, ஆண்டுகள் கழிந்து திரும்பியோருக்கும், வேறு நிலம் வாங்க வகையற்றோருக்கும், நீர் எதுவரை வரும் என்று யார் சொல்லிக் கொடுத்தோம்? 2008 நவம்பரில் நிஷாப் புயலின் மழை அதனைச் சொல்லிற்று. சொன்ன முறை கொடிது.

1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டுமெனத் திட்டம் வகுத்தார். ஆனையிறவுக் கடனீரேரியின் நீரை நன்னீராக்கி வடமராட்சிப் பக்கம் கொணரும் அத்திட்டம் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். பேசுவது தக்கதே. எனினும் இருக்கும் ஆற்றின் அகலம் எவ்வளவு என்று கேட்டால் மேடை மௌனமாகும்.

ஆதலின் பழைய மாணவர்க்கு என் வேண்டுகோள் ஒன்று. விழா மண்டபத்துக்கும் கேடயங்களுக்கும் பொருள் சேர்ப்பதோடு, நினைவையும் சேர்ப்போம். தத்தம் வளவில், வேலியில், கிணற்றுக்கட்டில் வெள்ளம் எந்த ஆண்டில் எதுவரை ஏறிற்று என்பதை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்புக. கொழும்பிலும் கனடாவிலும் இருப்போரும் அனுப்புக. அத்தலைமுறை குறைந்து வருகின்றது. புவியியல் மாணவர் அவற்றை நில அளவைப் படத்திற் குறித்து, ஒரு பிரதியை நூலகத்திலும் மற்றொன்றைப் பிரதேச செயலகத்திலும் வைக்கட்டும். மதில் எழுமுன் காட்டுவதற்கு ஒரு படமேனும் இருக்கும்.

முதற்றாள் என்னுடையதாகுக. 1964 மார்கழிப் புயலின்போது எம் வீட்டுத் திண்ணையில் நீர் ஏறியது. அம்மா கரித்துண்டால் கதவுநிலையில் ஒரு கோடிட்டார்; அடுத்த ஆண்டு அப்பா அதனைக் கத்தியாற் கீறி நிலைப்படுத்தினார். அவ்வீடு இப்போது இல்லை. கதவுநிலை மட்டும் அயல்வீட்டு மாட்டுக் கொட்டிலில் தூணாக நிற்கின்றது, தலைகீழாக நட்டிருக்கிறார்கள். ஆதலால் அளக்க வருவோர் கோட்டை மேலிருந்து கீழாக அளக்குக.