அகதிகளும் நமது வக்கீல்களும்

1983-ம் வருஷத்தில் இலங்கையில் மூண்ட கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த தமிழர்கள் நமது ஜில்லாவில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம் முதலிய முகாம்களில் வசிப்பதை நேயர்கள் அறிவார்கள். 2021-ல் ராஜ்ய சர்க்கார் இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினர். நல்ல காரியமே. ஆயினும் அங்கு வசிப்போர் சட்டத்தின் கண்ணில் இன்னும் அந்நியர்கள்தாம்.

1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019-ல் பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தியவர்கள் இலங்கையை விட்டுவிட்டார்கள். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9-ந் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட்டு, விசா இல்லாத குற்றத்துக்குரிய தண்டனையிலிருந்து விலக்கிற்று. தண்டனைப் பயம் நீங்கியது. பிரஜா உரிமை வந்தபாடில்லை.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட்டுக் கேட்டார், கிடைக்கவில்லை. பிரஜா உரிமைச் சட்டத்தின் 3-வது ஷரத்தோ, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இம்மண்ணில் பிறந்தவர், அந்நிய ஸ்தானிகரின் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பினாலேயே பிரஜை என்கிறது. வழக்குத் தொடுத்த பின், 2022-ல் ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை பாஸ்போர்ட்டு வழங்க உத்தரவிட்டது. பிறந்த நாள் முதல் சட்டம் அவர் பக்கமே இருந்தது. கோர்ட்டில் அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வரும்வரை அவர் அந்நியராகவே நின்றார்!

ஏழை அகதிக்கு இலவச வக்கீல் வைக்கச் சட்டத்தில் இடமுண்டா? அரசியல் சட்டத்தின் 39-ஏ ஷரத்து பிரஜையைப் பற்றிப் பேசுவது மெய்தான். ஆனால் 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது ஷரத்து, பிரஜை என்னாமல் நபர் என்றே கூறுகிறது. ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் வேறு தகுதியே வேண்டியதில்லை. இனக்கலவரத்தால் துன்புற்றோருக்கும் உதவி உண்டு. நமது ஜில்லாவார் ஒன்று கவனிக்க வேண்டும். தொழிற்சாலை விபத்தில் துன்புற்றோரையும் அதே உட்பிரிவுதான் சொல்கிறது. பட்டாசுச் சாலை வெடித்துக் கை இழந்த தொழிலாளிக்கு எந்த வாசகம் வக்கீலைத் தருகிறதோ, அதே வாசகம் முகாம்வாசிக்கும் தருகிறது. கலவரம் அயல்நாட்டில் நடந்ததாயிற்றே என்று ஆட்சேபிப்பார் உண்டு. அந்த வாசகத்தில் எல்லைக்கோடு எதுவும் போடப்படவில்லை என்பதே நமது பதில்.

ஜில்லாக் கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். தினக்கூலிக்காரர் ஒருவர் குல்லூர்சந்தையிலிருந்து அங்கே போய்வந்தால் அன்றையக் கூலி போயிற்று; முகாமில் தணிக்கை நாளாயிருந்தால் புறப்படவே முடியாது. கறுப்பு அங்கி தரித்த நாம்தான் அங்கே போகவேண்டும். விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் சங்கத்தார் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமில் அமர்ந்து, குடும்பம் குடும்பமாகப் பிறப்புப் பத்திரங்களைப் பார்க்கட்டும். 1987 ஜூலைக்கு முன் பிறந்தோரின் காகிதங்களை முதலில் எடுப்பது நலம். அவர்களுக்கே இப்பொழுது வயது நாற்பதை ஒட்டிவிட்டது. இன்ன முகாமில் இன்ன நாளில் பெற்றேன் என்று சாட்சி சொல்லக்கூடிய தாய்மாரோ வயோதிகர்களாகிவிட்டார்கள்.