கெட்டதற்குக் கெட்டதுதான் மாற்றா?

எங்கள் தாலுகா பஞ்சாலைச் சங்க ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. உறுப்பினர்கள் கொடுத்த சந்தாப் பணத்தில் வாங்கியது. அலங்காரத்துக்காக வாங்கவில்லை. பிராவிடண்ட் பண்டில் கிடக்கிற சொந்தப் பணத்தைக் கேட்பதற்குக்கூட இன்று கம்ப்யூட்டரில்தான் மனுப்போட வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி அந்த மேஜைக்கு முன்னால்தான் உட்காருகிறார்.

அதன் மானிட்டர், அதாவது எழுத்துத் தெரிகிற திரைப்பெட்டி, 8,400 ரூபாய். மூன்று வருஷ வாரண்டி. எட்டாவது மாதம் திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு விழுந்தது. வரவரத் தடித்தது. பாங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் ஒரு இலக்கம் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு இலக்கம் தவறினால் மனு திரும்பி வரும். கம்பெனிக்குப் புகார் செய்தோம். 19 நாள் கழித்து மாற்றுப் பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன், "இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே" என்று காகிதத்தை நீட்டினான். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் அச்சடித்திருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே போட்டுக் கொடுத்தேன். அது என் மடத்தனம்.

மறுநாள் ஒரு பெண் தொழிலாளி வந்தார். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வைத்தியச் செலவுக்கு பண்டிலிருந்து முன்பணம் வேண்டும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மனுவைப் பூர்த்தி செய்து, அவருடைய போனுக்கு ஓ.டி.பி. எண் வந்த சமயத்தில் திரை இருண்டுவிட்டது! கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டால் வெளிச்சம் வருகிறது. கால்மணி நேரத்தில் மறுபடியும் இருட்டு. அதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். மூன்று தடவை இப்படி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். அடுத்த நாளும் கூலியை விட்டுவிட்டு வந்தார்.

கம்பெனியின் மெக்கானிக் இரண்டு முறை வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். திரை பளிச்சென்று எரிந்தது. "கோளாறு இல்லை. உங்கள் வீட்டு கரண்டைப் பாருங்கள்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். மில் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதா என்ன? சூடேறினால் மட்டும் தகராறு செய்கிற மெஷினைக் காலையில் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, "எல்லாம் சரி" என்று போகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

குட்டை உடைத்தவர் எங்கள் சங்கத்தின் பழைய பிட்டர் ஒருவர். திரை இருண்டதும் டார்ச் விளக்கைச் சாய்வாக அதன்மேல் அடித்தார். என்ன ஆச்சரியம்! உள்ளே மங்கலாக எழுத்துக்கள் அப்படியே இருந்தன. திரையில் எழுத்தைக் காட்டுவது ஒரு தகடு; அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுப்பவை எல்.இ.டி. விளக்குகள். தகடு வேலை செய்கிறது, விளக்குதான் சாகிறது. ஆகவே கோளாறு கம்ப்யூட்டரிலும் இல்லை, எங்கள் கரண்டிலும் இல்லை. மானிட்டரின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கடிகாரத்தை வைத்து, திரை எரிந்த நேரம், இருண்ட நேரம், டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த எழுத்து, எல்லாவற்றையும் போனில் படமெடுத்தோம். அதற்குப் பிறகு கரண்டுப் பேச்சு நின்றுபோயிற்று.

இப்போது கம்பெனி சொல்கிறது: மூன்றாவது பெட்டி அனுப்புகிறோம், பெற்றுக்கொள்ளுங்கள். அதுவும் செப்பனிட்ட பழைய பெட்டிதானாம்! வாரண்டிக் காகிதத்தின் பொடி எழுத்தை அப்போதுதான் படித்தேன். மாற்றுப் பொருள் "புதியதாகவோ செப்பனிட்டதாகவோ" இருக்கலாம். மீதியுள்ள வாரண்டிக் காலம்தான் அதற்கும். அதாவது திரை செத்துக்கிடந்த நாட்களும் நம் கணக்கில்தான் கழிகின்றன. சந்தையில் புதுப்பசுவின் விலையைக் கொடுத்தவனிடம், கறக்காத மாட்டுக்கு ஈடாகக் கறக்காத இன்னொரு கிழமாட்டை ஓட்டிவந்து கட்டினால் ஊர் சும்மா இருக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவைப் பாருங்கள். மாவட்டக் கமிஷன் மாற்றிக்கொடுக்கும்படி உத்தரவிட்டால், கொடுக்க வேண்டியது குறை எதுவும் இல்லாத புதுப் பொருள். விலையை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவிடலாம். சட்டம் "புதுசு" என்கிறது. கம்பெனிக் காகிதம் "பழசும் போதும்" என்கிறது. ஆனால் சட்டத்தின் வார்த்தை எப்போது நம் கைக்கு வரும்? வழக்குப் போட்டு, தீர்ப்பு வந்த பிறகு. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. வாய்தாக்கள் எப்படி நீளும் என்பது கோர்ட்டுப் படியேறிய எவருக்கும் தெரியும்.

பிரிட்டன் ஒன்றும் தொழிலாளிகளின் ராஜ்யம் அல்ல. அங்கேகூட 2015-ம் வருஷத்துச் சட்டம், ஒருமுறை பழுது பார்த்தோ மாற்றிக்கொடுத்தோ பொருள் சரியில்லையென்றால், அதை வேண்டாமென்று தள்ளிப் பணம் கேட்கும் பாத்தியதையை வாங்கியவனுக்குக் கொடுத்திருக்கிறது. அதைக் கடைக்காரரிடமே கேட்கலாம். "கம்பெனியிடம் போ" என்று அவர் கைகழுவ முடியாது. ஒரே ஒரு சந்தர்ப்பம்! நம் சட்டத்தில் அப்படி ஒரு ஷரத்து ஏன் இல்லை? மாற்று கெட்டால் பணம் என்று ஒரே வரி எழுதுவதில் சர்க்காருக்கு என்ன கஷ்டம்? அந்த வரி வேண்டும். மாற்றுப் பொருள் வந்த நாளிலிருந்து வாரண்டி புதிதாகத் தொடங்க வேண்டும் என்று இன்னொரு வரியும் வேண்டும்.

அதுவரையில் கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் சொல்லலாம். கமிஷனில் புகார் கொடுக்க வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரையில் கட்டணமும் கிடையாது. கம்பெனி எந்த ஊரிலிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷக் கெடுவுக்குள் போடவேண்டும். விற்று லாபம் பார்க்க வாங்கியவனுக்கு இது இல்லை. தையல் மெஷினோ பம்ப்செட்டோ வாங்கிச் சொந்த உழைப்பால் பிழைக்கிறவருக்கு உண்டு.

எங்கள் புகார் எழுதியாகிவிட்டது. பில், மெக்கானிக் எழுதிக் கொடுத்த இரண்டு சீட்டு, கடிகாரம் தெரிகிற படம் எல்லாம் அதோடு போகின்றன. நேற்று மூன்றாவது பெட்டியோடு அதே பையன் வந்தான். கூலிக்கு வருகிற பிள்ளை, அவன்மேல் கோபம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தோம். "பணம்தான் கேட்டிருக்கிறோம், பெட்டி வேண்டாம்" என்று அவனுடைய காகிதத்தில் எழ்திக் கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் திருப்பியனுப்பினேன்.