கொட்டாப்புளியைக் குறை சொல்லாதீங்க

போன மாசம் சென்னையில இருந்து வந்த எங்க அக்கா மகன், ஆன்லைன்ல வாங்கின மரச் சுத்தியலைக் காட்டினான். மொட்டை மாடியில மர வேலை பழகுறானாம். "மாமா, வாங்கி ரெண்டு வாரம்தான் ஆச்சு. தலை ஆடுது, ஓரமெல்லாம் செதில் செதிலாப் பேந்துடுச்சு. மட்டமான சாமான்"னு திட்டினான். பார்த்தேன். மரம் நல்ல மரம்தான். பதம் பண்ணாம வேலைக்கு விட்டதுதான் தப்பு.

எங்க பக்கம் இதைக் கொட்டாப்புளின்னு சொல்லுவோம். உளியோட மரப்பிடியை இரும்புச் சுத்தியலால அடிச்சா பிடி பிளந்துடும். எங்க அப்பாவோட உளியை நானே அப்படிக் கெடுத்திருக்கேன். அதுக்கப்புறம் புத்தி வந்து, காலையில வெட்டின புளியங்கிளையில சாயங்காலமே ஒரு கொட்டாப்புளி செஞ்சேன். சித்திரை வெயில்ல பத்தே நாள்ல வாய் பிளந்துடுச்சு. "பச்சை மரத்துல செஞ்சுட்டு மரத்தைக் குத்தம் சொல்றீங்களே"ன்னு ஆசாரி சிரிச்சார்.

அவர் சொன்னது இதுதான். புளிய மரத்து வைரம் நல்லது, ஆனா நடுக்குருத்து உள்ள துண்டு வேண்டாம், அது வெடிக்கும். மரத்துல ஈரம் பக்கவாட்டை விட வெட்டுவாய் வழியாத்தான் சீக்கிரம் போகும். அதனால ரெண்டு வெட்டுவாயிலும் சாணி பூசி, நிழல்ல மாசக்கணக்கா காய விடணும்.

கடையில வாங்கினதுக்கும் கொஞ்சம் வேலை இருக்கு. அடிக்கிற முகத்தோட கூர் ஓரத்தை லேசா சாய்வாச் சீவி விடுங்க, பேராது. பெயின்ட் கடையில கிடைக்கிற ஆளி விதை எண்ணெயைத் தலையில தடவி, மறுநாள் மிச்சத்தைத் துடைச்சுட்டுத் திரும்பத் தடவுங்க. மரம் குடிக்கிறதை நிறுத்துற வரைக்கும் இப்படியே செய்யணும். தேங்காயெண்ணெய் வேண்டாம், இறுகாம பிசுக்கா நிக்கும். பிடியில எண்ணெய் வழிய விடாதீங்க, வழுக்கும். துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாம விரிச்சுக் காயப் போடுங்க. அந்த எண்ணெய்த் துணி தானாவே சூடேறித் தீப்பிடிக்கும்.

நம்ம பையன் அதை வெயில்லயே போட்டு வச்சிருக்கான். தலை ஆடினதும் தண்ணியில ஊறப் போட்டிருக்கான். ஊறினா அப்போதைக்கு இறுகும், காஞ்சதும் முன்னை விட அதிகமா ஆடும். ஆப்பு அடிக்கிறதுதான் வழி. புது ஆப்பு அடிச்சுக் குடுத்தேன்.

காசு குடுத்துட்டா சாமான் அன்னைக்கே தயாரா இருக்கணும்னு நினைக்கிறோம். மரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதுக்கு வேண்டிய நாளை நாம குடுக்கலேன்னா, உடைஞ்சு வாங்கிக்கும். ரெண்டு வாரத்துல தூக்கிப் போட்டுட்டு இன்னொன்னு வாங்குறதை விட, பத்து நாள் பொறுக்கிறது நஷ்டமில்ல.

நேத்து போன் பண்ணினான். "மாமா, இப்ப அடிக்கலாமா?"

"இன்னும் எண்ணெய் குடிக்குதா?"

"கொஞ்சம் குடிக்குது."

"அப்போ பொறு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.